மூன்றாம் வேட்பாளர்: அமெரிக்கச் சனாதிபதித் தேர்தல் பற்றிய ஒரு சிந்தனை

எரிகின்ற கொள்ளிகளுள் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. இரு தீமைகளுள் ஒன்றைத் தெரிந்தே தீரவேண்டும் என்ற நிலையில் அகப்பட்டவனின் சலிப்பு அதிற் புலனாகின்றது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்தில் வாக்குச் சாவடிக்குச் செல்லும் அமெரிக்கக் குடிமக்களிற் பலர் இதே சலிப்பைச் சுமந்துகொண்டே செல்கின்றனர். 2023 ஆம் ஆண்டில் கலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில், நாட்டிற்கு மூன்றாவது பெருங் கட்சியொன்று வேண்டும் எனக் கூறியோர் நூற்றுக்கு 63 பேர். அதே ஆண்டில், தாம் எக்கட்சியையும் சாராதவர் எனத் தம்மை இனங்காட்டியோர் நூற்றுக்கு 43 பேர். ஆயின் அடுத்த ஆண்டு நடந்த சனாதிபதித் தேர்தலில் இரு பெருங் கட்சிகளின் வேட்பாளர்களும் நூற்றுக்கு 98 வீதமான வாக்குக்களைத் தம்மிடையே பகிர்ந்து கொண்டனர். ஏனைய அனைவருக்கும் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு வீதம் மட்டுமே. மூன்றாவது கட்சி வேண்டும் என்று வாயாற் கூறியவர்களிற் பெரும்பாலோர் அதற்கு வாக்களிக்கவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இந்தப் பெரும் பள்ளம் எவ்வாறு தோன்றிற்று, அதனைத் தாண்டுதல் இயலுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவுக்கு எளிதாகக் கூறப்படும் விடைகள் இரண்டுள. மக்களிடம் உறுதி இல்லை என்பது ஒன்று. தகுதிவாய்ந்த தலைவர் எவரும் மூன்றாம் அணியிலிருந்து தோன்றவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரலாற்றின் முன் நிற்கமாட்டா. தகுதியும் புகழுமே வெற்றிக்குப் போதுமாயின், 1912 ஆம் ஆண்டில் மூன்றாம் வேட்பாளரே வெள்ளை மாளிகையிற் குடியேறியிருப்பார்.

அவ்வாண்டில் மூன்றாமவராக நின்றவர் தியடோர் ரூஸ்வெல்ற். ஏழாண்டுகளுக்கு மேலாகச் சனாதிபதிப் பதவி வகித்தவர், நோபல் சமாதானப் பரிசு பெற்றவர், நாடெங்கும் அறியப்பட்டவர். தாமே வழிகாட்டிப் பதவியிலமர்த்திய வில்லியம் டாப்ற் மீது அதிருப்தியுற்று, குடியரசுக் கட்சியின் வேட்பாளர் நியமனத்தை அவர் மீண்டும் நாடினார். முதனிலைத் தேர்தல்கள் நடைபெற்ற மாநிலங்களிற் பெரும்பாலானவற்றில் வென்றும், சிக்காகோவிற் கூடிய கட்சி மாநாடு டாப்ற்றையே தெரிவு செய்தது. ரூஸ்வெல்ற் கட்சியை விட்டு வெளியேறி முற்போக்குக் கட்சியை நிறுவினார். ஒக்டோபர் மாதத்தில் மில்வோக்கி நகரில் ஒருவன் அவர் மார்பிற் சுட்டான்; குண்டு உடலினுள் இருக்கவே, அவர் மேடையேறி நீண்ட சொற்பொழிவை ஆற்றி முடித்தார். இத்தகைய மனிதர் பெற்ற வாக்குக்கள் நூற்றுக்கு 27 வீதம். பதவியிலிருந்த சனாதிபதி டாப்ற் அவருக்கும் பின்னே தள்ளப்பட்டார். ஆயினும் வென்றவர் நூற்றுக்கு 42 வீதத்தைக்கூட எட்டாத வூட்ரோ வில்சனே. மொத்தத் தேர்வாளர் வாக்குக்கள் 531 இல் வில்சனுக்கு 435 உம், ரூஸ்வெல்ற்றுக்கு 88 உம், டாப்ற்றுக்கு எட்டும் கிடைத்தன. அதன் பின்னர் இன்றுவரை எந்த மூன்றாம் வேட்பாளரும் ரூஸ்வெல்ற்றின் அளவுக்கு உயரவில்லை. எனவே குறை மனிதரிடத்தில் இல்லை, வேறெங்கோ உள்ளது.

அது வாக்குக்களை எண்ணும் முறையில் உள்ளது. அமெரிக்க மக்கள் தம் சனாதிபதியை நேரே தெரிவு செய்வதில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் காங்கிரசில் எத்தனை உறுப்பினர் உளரோ அத்தனை தேர்வாளர் உளர்; தலைநகர் வாஷிங்டனுக்குரிய மூவரையும் சேர்த்து மொத்தம் 538 பேர். வெற்றிக்கு 270 தேவை. மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் நீங்கலாக ஏனைய மாநிலங்கள் யாவும், தம் எல்லைக்குள் ஏனையோரிலும் ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவருக்கே தம் தேர்வாளர் அனைவரையும் வழங்கிவிடுகின்றன. இரண்டாம் இடத்துக்குப் பரிசு இல்லை. மூன்றாம் இடத்துக்குப் பெயரும் இல்லை. ஒரு தொகுதிக்கு ஒருவர், கூடிய வாக்குப் பெற்றவருக்கே வெற்றி என்ற முறை நிலவுமிடத்து அரசியல் இரு கட்சிகளை நோக்கியே ஒடுங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1951 இல் வெளியான தம் நூலில் வாதித்தார். ஐம்பது மாநிலங்களும் ஐம்பது தனித்தனிப் பந்தயங்களாக அமைந்த அமெரிக்கத் தேர்தலில் இவ்விதியின் அழுத்தம் பன்மடங்காகின்றது.

இம்முறை மூன்றாம் வேட்பாளரை நடத்தும் விதத்தை 1948 ஆம் ஆண்டுத் தேர்தல் தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வாண்டில் சனநாயகக் கட்சியினின்றும் இருவர் பிரிந்து நின்றனர். ஒருவர் தென்மாநிலங்களின் நிறபேதக் கொள்கையைக் காக்க எழுந்த ஸ்ரோம் தேர்மண்ட். மற்றவர் அக்கொள்கையை எதிர்த்து, சோவியத் ஒன்றியத்துடன் சமாதானம் வேண்டி நின்ற ஹென்றி வொலஸ். இருவரும் பெற்ற வாக்குக்கள் ஏறத்தாழச் சமமானவை: ஒவ்வொருவருக்கும் பதினொரு இலட்சத்துக்குச் சற்று மேல், நூற்றுக்கு 2.4 வீதம். ஆயின் தேர்மண்டுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குக்கள் 39. வொலசுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. முன்னவரின் ஆதரவு நான்கு தென்மாநிலங்களிற் குவிந்து கிடந்தது. பின்னவரின் ஆதரவு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. ஒரு பிரதேசத்தின் தனிக் குரலாக நிற்பவனுக்கு இம்முறை வாய்ப்பளிக்கின்றது. நாடு முழுவதற்கும் பொதுவான கருத்தொன்றை எடுத்துரைப்பவனை வெறுங்கையுடன் அனுப்புகின்றது. ஒரு தேசத்தின் தலைவரைத் தெரியும் முறை தேசிய நோக்குடையவனையே தண்டிப்பது பெரும் முரண் எனலாம்.

1992 ஆம் ஆண்டில் இம்முரண் உச்சத்தை எட்டியது. ரெக்சாஸ் மாநிலத்துப் பெருஞ் செல்வரான றொஸ் பெரோ சுயேச்சையாகக் களமிறங்கினார். அரசாங்க வரவு செலவுத் திட்டத்தின் துண்டுவிழும் தொகையே நாட்டின் தலையாய பிணி என்றார். விளக்கப் படங்களை ஏந்தியபடி தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பொருளாதாரம் பேசினார். மக்கள் இருந்து கேட்டனர். யூன் மாதக் கருத்துக் கணிப்பொன்றில் யோர்ஜ் புஷ், பில் கிளிண்டன் ஆகிய இருவரையும் முந்தி நின்றார். யூலையில் திடீரெனப் போட்டியினின்றும் விலகி, ஒக்டோபர் முதலாந் திகதி மீண்டும் வந்தார். இத்தனை தடுமாற்றத்தின் பின்னரும் ஒரு கோடியே 97 இலட்சம் பேர், அதாவது வாக்களித்தோரில் நூற்றுக்கு 19 வீதத்தினர், அவருக்கு வாக்களித்தனர். மெயின் மாநிலத்தில் புஷ்ஷையும் யூட்டா மாநிலத்தில் கிளிண்டனையும் அவர் முந்தினார். ஆனால் அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ இரண்டு கோடி மக்களின் கருத்து இறுதிக் கணக்கிற் பூச்சியமாயிற்று.

மூன்றாம் வேட்பாளர் சில மாநிலங்களை வென்று, எவருக்கும் 270 கிடையாத நிலையை உண்டாக்கினால் என்ன நிகழும்? அரசியல் யாப்பின் பன்னிரண்டாந் திருத்தத்தின்படி, முன்னணியிலுள்ள மூவருள் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்யும். அங்கும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதில்லை; மாநிலத்துக்கு ஒரு வாக்கு. ஐம்பதில் 26 வேண்டும். அச்சபையோ முற்றிலும் இரு பெருங் கட்சிகளின் கையிலுள்ளது. 1824 ஆம் ஆண்டில் நால்வர் போட்டியிட்டபோது மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் அன்ட்ரூ ஜக்சனே முன்னின்றார். ஆயினும் பிரதிநிதிகள் சபை ஜோன் குவின்சி அடம்சைத் தெரிந்தது. கட்சிப் பிடிப்புத் தளர்ந்திருந்த அக்காலத்திலேயே இவ்வாறாயின், இக்காலத்தில் அச்சபையிற் சொந்த உறுப்பினர் எவருமற்ற சுயேச்சைக்கு அங்கு என்ன கிடைக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

களத்திற்கு வெளியேயும் பல வாயில்கள் அடைக்கப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வாக்குச் சீட்டுக்களைக் கட்சிகளே அச்சிட்டு வழங்கின. 1888 முதல் மாநில அரசுகளே சீட்டை அச்சிடும் முறை பரவிற்று. ஊழலைக் குறைத்த இந்நற்சீர்திருத்தம் மற்றொரு விளைவையும் உடன் கொணர்ந்தது: சீட்டில் எவர் பெயர் இடம்பெறலாம் என்பதை இனிச் சட்டம் தீர்மானித்தது, அச்சட்டத்தை இயற்றியவர்கள் இரு பெருங் கட்சியினர். ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதிகள். சுயேச்சை வேட்பாளர் தெனசி மாநிலத்தில் 275 கையொப்பங்களுடன் சீட்டில் இடம்பெறலாம். ரெக்சாஸ் மாநிலத்திலோ 2024 ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சில வாரங்களுக்குள் திரட்ட வேண்டியிருந்தது. ஓஹாயோ மாநிலச் சட்டம் இருமுறை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தால் நிராகரிக்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. 1968 இல் ஜோர்ஜ் வொலசின் கட்சி நான்கரை இலட்சம் கையொப்பங்களைத் திரட்டியும் காலக்கெடு கடந்தது எனத் தள்ளப்பட்டது. 1980 இல் ஜோன் அண்டர்சன், நவம்பர்த் தேர்தலுக்கு மார்ச் மாதத்திலேயே மனுச் செய்திருக்க வேண்டும் எனக் கூறப்பட்டார். முன்னதில் அவ்வாண்டே தீர்ப்புக் கிடைத்தது. பின்னதில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1983 இலேயே வந்தது. நீதி கிடைக்குமிடத்தும், அதற்காகச் செலவிட்ட மாதங்களும் பணமும் திரும்பக் கிடைப்பதில்லை.

தொலைக்காட்சி விவாதம் மற்றொரு வாயில். 1992 இல் பெரோ விவாத மேடைக்கு அழைக்கப்பட்டபோது அவருக்கிருந்த ஆதரவு நூற்றுக்குப் பத்து வீதத்துக்கும் குறைவு. விவாதங்களின் பின் அது இரட்டிப்பாயிற்று. 1996 இல் அவருக்கு அம்மேடை மறுக்கப்பட்டது. வாக்கு எட்டு வீதமாகச் சுருங்கியது. 2000 ஆம் ஆண்டிலிருந்து, கருத்துக் கணிப்புக்களில் நூற்றுக்கு 15 வீத ஆதரவுடையோருக்கே இடம் என விவாத ஆணைக்குழு விதித்தது. அவ்விதி 1992 இல் இருந்திருப்பின் பெரோவே மேடையேறியிரார். ஆதரவு இருந்தால் மேடை. மேடை இருந்தால் ஆதரவு. நீச்சல் கற்றபின் நீரில் இறங்குக என்பது போன்றதே இது. பண விடயத்திலும் இந்நிலையே: முன்னைய தேர்தலில் ஐந்து வீதம் பெறாத புதிய கட்சிக்கு அரச உதவி, தேர்தல் முடிந்து வாக்குக்கள் எண்ணப்பட்ட பின்னரே கிடைக்கக்கூடும்.

ஆயினும் சட்டமும் மேடையும் பணமும் தரும் இடர்களைவிடப் பெரிது வாக்காளனின் உள்ளத்தில் எழும் இடர். மூன்றாம் வேட்பாளரின் ஆதரவு கோடையிற் பூத்து இலையுதிர் காலத்தில் உதிர்வது அமெரிக்க அரசியலில் ஏறக்குறைய ஒரு நியதியாகிவிட்டது. ஜோன் அண்டர்சன் இதற்கு நல்ல சான்று. இலினோய் மாநிலத்துக் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினரான அவர், பெற்றோலுக்குக் கூடிய வரி விதிக்க வேண்டும் எனத் தேர்தற் காலத்திலேயே துணிந்து கூறியவர். பல்கலைக்கழக மாணவரின் பேராதரவைப் பெற்றவர். கோடையில் நூற்றுக்கு இருபதைத் தாண்டியிருந்த அவரது ஆதரவு நவம்பரில் 6.6 ஆகக் குறைந்தது. இடைக்காலத்தில் அவர் கொள்கை மாறவில்லை, நேர்மை குன்றவில்லை. வாக்காளனே கணக்குப் பார்க்கத் தொடங்கினான். கருத்துக் கணிப்பாளரிடம் மனச்சாட்சியைப் பேசியவன், சீட்டைக் கையிலெடுத்ததும் விளைவைப் பற்றி எண்ணினான்.

அவ்வாறு எண்ணியது தவறா? 2000 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்ததை அறிந்தோர் எளிதில் ஆம் எனக் கூறமாட்டார். அவ்வாண்டில் முழுத் தேர்தலின் முடிவும் அம்மாநிலத்தில் வந்து நின்றது. இளைய யோர்ஜ் புஷ் அங்கு 537 வாக்குக்களால் வென்றார் என அறிவிக்கப்பட்டது. பசுமைக் கட்சியின் வேட்பாளர் ரால்ப் நேடர் அம்மாநிலத்திற் பெற்றவை 97,488 வாக்குக்கள். நுகர்வோர் பாதுகாப்புக்காக வாழ்நாளைச் செலவிட்ட நேடரை ஆதரித்தோரிற் பெரும்பாலோர், இருவருள் ஒருவரைத் தெரிய நேரின் அல் கோரையே விரும்பியிருப்பர் எனக் கணிப்புக்கள் காட்டின. தம் நெஞ்சிற்கு உண்மையாக நடந்தவர்கள், தாம் மிகவும் விரும்பாதவரே பதவியேற உதவிவிட்டனர் என்பது அன்று முதல் ஒலிக்கும் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை ஆய்ந்து நோக்கின் அது முழுமையானதன்று என்பது புலப்படும். புளோரிடாவிற் சோசலிசத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளர் பெற்ற வாக்குக்கள் 562. அவ்வெண்ணும் 537 இலும் கூடியதே. ஆயின் அந்த 562 பேரும் வரலாற்றை மாற்றியவர்கள் எனக் கொள்வதா? வாக்களியாது வீட்டிலிருந்த இலட்சக்கணக்கானோரை எங்கு வைப்பது? கோர் நாடெங்கும் புஷ்ஷைவிட ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குக்களைக் கூடுதலாகப் பெற்றும் தோற்றமைக்குக் காரணமான தேர்வாளர் முறையை யார் கேள்வி கேட்பது? மேலும், மூன்றாமவர் எப்போதும் ஒருவரின் வெற்றியைக் கெடுக்கின்றார் என்பதும் பொது விதியன்று. 1992 இல் வாக்களித்து வெளிவந்தோரை விசாரித்தபோது, பெரோ இல்லாதவிடத்து அவர் ஆதரவாளர் புஷ்ஷுக்கும் கிளிண்டனுக்குமாக ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருப்பர் எனத் தெரியவந்தது.

ஆயினும் அறவினா அப்படியே நிற்கின்றது. வாக்கு என்பது ஒரு கருவியா, அன்றி ஒரு சாட்சியமா? கருவி எனின், பயன் தரும் இடத்திலேயே அதனைப் பிரயோகித்தல் வேண்டும். விரும்பாதவருள் குறைந்த தீமையுடையவரைத் தெரிதலே அறிவுடைமை. சாட்சியம் எனின், பொய்ச் சாட்சி கூறுதல் எவ்வாறு தகாதோ அவ்வாறே மனம் ஒப்பாதவருக்கு வாக்களித்தலும் தகாது. 1920 ஆம் ஆண்டில் சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ், முதலாம் உலகப் போரை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக அட்லாண்டாச் சிறையிலிருந்தபடியே தேர்தலில் நின்றார். ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அச்சிறைக் கைதிக்கு வாக்களித்தனர். அவர் வெல்வார் என அவர்களுள் எவரும் நம்பியிருக்க முடியாது. அவர்கள் அளித்தது சாட்சியமே. அதனை வீண் என எவரும் துணிந்து கூறுதல் அரிது. ஆனால் முடிவு ஐந்நூறு வாக்குக்களில் தொங்குமிடத்து, அதே சாட்சியத்தின் விலையைச் செலுத்துவோர் சாட்சி கூறியவர் மாத்திரமல்லர். நாட்டின் ஏனைய மக்களுமாவர். இவ்விரு நியாயங்களுள் ஒன்று மற்றதை முற்றாக வெல்ல முடியாமையே இவ்வினாவின் கனம்.

வெற்றியை விடுத்து விளைவை நோக்கின் மூன்றாம் அணிகளின் வரலாறு வெறுமையானதன்று. 1892 இல் உழவரின் குறைகளை முன்வைத்துத் தோன்றிய மக்கள் கட்சி, வருமானத்துக்கேற்ப ஏறிச்செல்லும் வரியையும், செனற் சபையினரை மக்களே நேரில் தெரிவு செய்வதையும் கோரிற்று. அவ்வாண்டில் அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 22 தேர்வாளர் வாக்குக்களுடன் தோற்றார். 1913 இல் வருமான வரியும் செனற் சபை நேரடித் தெரிவும் அரசியல் யாப்பின் திருத்தங்களாயின. 1912 இல் ரூஸ்வெல்ற்றின் கட்சி பெண்கள் வாக்குரிமையையும், முதியோருக்கும் வேலையற்றோருக்குமான சமூகக் காப்புறுதியையும் தன் திட்டத்திற் சேர்த்தது. முன்னது 1920 இல் யாப்புத் திருத்தமாகவும், பின்னது 1935 இற் சமூகப் பாதுகாப்புச் சட்டமாகவும் நிறைவேறின. கட்சி மறைந்தது, கருத்து வென்றது. வாக்குக்களைப் பறிகொடுத்த பெருங் கட்சிகள் அவற்றை மீட்கும் பொருட்டுக் கருத்தை எடுத்துக்கொண்டன.

ஆயின் இவ்வழியால் நல்லனவே வருமென்று கொள்ளலாகாது. 1968 இல் நிறபேதத்தை ஆதரித்து நின்ற அலபாமா முன்னாள் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ், நூற்றுக்கு 13.5 வீத வாக்கும், ஐந்து தென்மாநிலங்களும், 46 தேர்வாளர் வாக்குக்களும் பெற்றார். அவ்வாக்காளரைத் தம் பக்கம் ஈர்க்கும் முயற்சி அடுத்த பல ஆண்டுகளில் குடியரசுக் கட்சியின் தென்னக அரசியலை உருவாக்கியது. மூன்றாம் அணி திறந்துவிடும் வாயிலால் எது நுழையும் என்பதை அவ்வாயில் தீர்மானிப்பதில்லை. வொலசின் போட்டி மற்றொரு பயனையும் தர நேர்ந்தது. எவருக்கும் பெரும்பான்மை கிடையாது போயிருந்தால், ஒரு நிறவாதி சனாதிபதிப் பதவிக்கு விலை பேசியிருப்பான் என்ற அச்சம் எழுந்தது. 1969 செப்டெம்பரில், தேர்வாளர் முறையை ஒழித்து நேரடித் தேர்தலை ஏற்படுத்தும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338 க்கு 70 என்ற வாக்குக்களால் ஏற்றது. அடுத்த ஆண்டில் செனற் சபையில் ஒரு பகுதியினர் முடிவிலா உரைகளால் அதனை வாக்கெடுப்புக்கு வரவிடாது தடுத்தனர். அந்நாள் முதல் அத்தகைய வாய்ப்பு மீண்டும் கிட்டவில்லை.

இத்தனைக்கும் மாறாக, புதிய கட்சி ஒன்று முதலிடத்துக்கு வந்த வரலாறும் அமெரிக்காவுக்கு உண்டு. 1854 இல் அடிமை முறை புதிய நிலப்பரப்புக்களுக்குப் பரவுவதை எதிர்த்துத் தோன்றிய குடியரசுக் கட்சி, 1860 இல் ஆபிரகாம் லிங்கனைச் சனாதிபதியாக்கியது. ஆறே ஆண்டுகளில் இது எவ்வாறு இயன்றது? முதலாவது, விக் கட்சி அப்போது சிதைந்துகொண்டிருந்தது, வெற்றிடம் ஏற்பட்டிருந்தது. இரண்டாவது, நாட்டைப் பிளந்த வினா ஒன்றிற்கு இரு பழைய கட்சிகளும் விடை கூற அஞ்சின. மூன்றாவது, அக்கட்சி சிகரத்திலிருந்து தொடங்கவில்லை. மாநிலங்களிலும் காங்கிரசிலும் முதலில் ஆசனங்களை வென்றது. 1856 இல் சனாதிபதித் தேர்தலில் தோற்றும் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பின்னரே சிகரத்தை எட்டியது. பெரோவும் நேடரும் அண்டர்சனும் கூரையை முதலில் வேய முயன்றவர்கள். சுவரில்லாக் கூரை எத்தனை நாள் நிற்கும்?

2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இவற்றையே மீண்டும் உரைத்தன. ஜோ பைடன், டொனால்ட் ட்ரம்ப் ஆகிய இருவர் மீதும் சலிப்பு மிகுந்திருந்த வேளையில், எந்த முத்திரையுமற்றோர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட இயக்கத்தினர் இருபதளவான மாநிலங்களிற் சீட்டில் இடம் பெற்றிருந்தும், நிற்பதற்கு ஒருவரும் முன்வராமையால் ஏப்ரலிற் கைவிட்டனர். இடம் இருந்தது; ஆள் இல்லை. புகழ்பெற்ற குடும்பத்தவரான இளைய றொபேட் கென்னடி 2023 ஒக்டோபரிற் சுயேச்சையானார்; சில கணிப்புக்களில் இரட்டை இலக்க ஆதரவைப் பெற்றார். சீட்டில் இடம் பெறுவதற்கே மாதங்களைச் செலவிட்டார். யூன் மாத விவாதத்தில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. நியூயோர்க்கில் அவர் காட்டிய வதிவிடம் மெய்யானதன்று எனக் கண்ட நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. ஓகஸ்டில் தம் போட்டியை நிறுத்தி ட்ரம்பை ஆதரித்த அவர், 2025 இல் ட்ரம்பின் சுகாதாரச் செயலாளராகப் பதவியேற்றார். அவ்வாண்டு யூலையில் செல்வந்தர் ஈலோன் மஸ்க் புதிய கட்சியொன்றை அறிவித்தார்; தென்னாபிரிக்காவிற் பிறந்த அவர் சனாதிபதியாதற்கு யாப்பு இடந்தராது. பணம் உள்ளவிடத்துத் தகைமை இல்லை. புகழ் உள்ளவிடத்துப் பொறுமை இல்லை.

எனின் வழி யாது? சீட்டில் ஒருவரை மாத்திரம் குறிக்காது, முதலாம் இரண்டாம் விருப்புக்களைக் குறிக்க வாக்காளனுக்கு இடமளிப்பது ஒரு வழி. முதல் விருப்புப் பெற்றவர் தோற்றால் இரண்டாம் விருப்பு எண்ணப்படும். ஆதலின் சாட்சியமும் கருவியும் ஒரே சீட்டில் இடம்பெறும். மெயின் மாநிலம் 2020 முதலும் அலாஸ்கா 2024 இலும் சனாதிபதித் தேர்தலில் இம்முறையைக் கைக்கொண்டன. இலங்கை வாக்காளருக்கு இது புதியதன்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி 1982 முதல் நடைபெறும் சனாதிபதித் தேர்தல்களில் மூன்று விருப்புக்கள்வரை குறிக்கலாம். 2019 இல் நூற்றுக்கு 3.16 வீதம் மட்டும் பெற்ற மூன்றாம் அணி வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க, 2024 இல் முதலிடம் பெற்று, முதன்முறையாக இரண்டாம் விருப்புக்களும் எண்ணப்பட்ட பின் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அவ்வெற்றிக்கு நாட்டின் பொருளாதார வீழ்ச்சியும் பழைய கட்சிகளின் சிதைவுமே முதற் காரணங்கள். எண்ணும் முறை அவ்வெழுச்சிக்குத் தடையாக நிற்கவில்லை என்பதே இங்கு கூறத்தக்கது. அத்தேர்தலிற்கூடப் பெரும்பாலானோர் ஒரே விருப்பையே குறித்திருந்தனர். உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது வழக்கமாகவும் ஆதல் வேண்டும்.

அமெரிக்காவில் அவ்வழக்கம் வேரூன்றுவது எளிதன்று. 2024 இல் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒறிகன் ஆகிய மாநிலங்களின் வாக்காளர் விருப்பு வரிசை முறையை நிராகரித்தனர். அலாஸ்காவில் அதனை நீக்கும் பிரேரணை சில நூறு வாக்குக்களாலேயே தோற்றது. மாற்றத்தால் இழப்புறக்கூடியவர்களே மாற்றத்துக்கு ஒப்புதல் அளிக்க வேண்டியவர்களாகவும் உள்ளமை எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் உரிய பொதுத் தடை. சலிப்புற்ற மக்களும் தம் சலிப்புக்குக் காரணம் மனிதரே என எண்ணி, நல்ல மனிதரொருவரை எதிர்பார்த்திருக்கின்றனரேயன்றி, எண்ணும் விதியை நோக்குவதில்லை.

அமெரிக்காவின் முதற் சனாதிபதி யோர்ஜ் வாஷிங்டன் எக்கட்சியையும் சாராதவர். 1796 இல் வெளியிட்ட பிரியாவிடை உரையிற் கட்சி மனப்பான்மையின் கேடுகளைப் பற்றி நாட்டை எச்சரித்தார். அவர் காத்த அரசியல் யாப்பில் அரசியற் கட்சிகளைப் பற்றிய குறிப்பே இல்லை. ஆயினும் அந்த யாப்பின் வழியமைந்த தேர்தல் ஏற்பாடுகளே இரு கட்சிகளைத் தவிர வேறெவரும் நுழைய முடியாத கோட்டையாயின. அடுத்த தேர்தலிலும் ஒருவர் எழுந்து தாம் அக்கோட்டையை உடைப்பதாகக் கூறுவார். கோடையில் மக்கள் அவரைச் சூழ்வர். அவரிடம் கேட்கவேண்டிய முதல் வினா அவர் எவ்வளவு நல்லவர் என்பதன்று. அவர் தோற்ற மறுநாள் அவருடன் எத்தனை நகரசபை உறுப்பினரும் மாநிலச் சட்டசபை உறுப்பினரும் எஞ்சியிருப்பர் என்பதும், வாக்கு எண்ணும் விதியை மாற்ற அவர் என்ன செய்தார் என்பதுமே. இவற்றுக்கு விடை இல்லாதவர் மூன்றாவது கொள்ளியாக எரிந்து அணைவார். விடை உடையவர், தாம் வெல்லாவிடினும், பின்வருவோர் நடப்பதற்கு ஒரு வழியை விட்டுச் செல்வார்.